சாய்ச்சி நீட்டிய கை

விலங்குகளும் மனிதர்களும் ஒரே பாஷையில் திட்டிக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், மனிதர்களுக்குக் கண் இருந்தது, பார்வையும் இருந்தது. ஆனால் ஒரு குறை. வெட்டவெளியில் நிற்கிற பசு பசுவாகத் தெரியும். அதே பசு மூங்கில் வேலிக்குப் பின்னால் போய் நின்றதோ, போச்சு! அங்கே கொஞ்சம் வெள்ளை, இங்கே கொஞ்சம் வெள்ளை, நடுவில் மூங்கில், அவ்வளவுதான். துண்டு துண்டாகத் தெரிவதைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தெரியாது.

அதனால் ஊரில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மரத்துக்கோ வேலிக்கோ பின்னால் யார் போனாலும் "நான்தான்" என்று குரல் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்தில் மாதி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பொம்மன் வேலிக்கு அந்தப் பக்கம் விறகு பிளந்தால், ஒரு வெட்டுக்கு ஒரு "நான்தான்" சொல்லுவான். மறந்துவிட்டால் மாதி, "எவன்டா அங்க?" என்று கையில் கிடைத்ததை எறிவாள். குறி தப்பவே தப்பாது.

"கட்டின புருஷன் மேலயே எறியறியே!" என்பான் நெற்றியைத் தடவிக்கொண்டு.

"வாய் இருக்குல்ல, சொல்றதுக்கு என்ன?" என்பாள். நியாயம்தானே?

மிருகங்களும் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. யானைகூட, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, புதருக்குள்ளிருந்து கூச்சத்தோடு "நான்தான்" என்று சொல்லும். புலியும் சத்தியம் செய்திருந்தது. நாலு மாதம் ஒழுங்காகத்தான் சொன்னது. அப்புறம் புத்தி கோணலாகப் போயிற்று. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாணலுக்குள் பேசாமல் படுத்துப் பார்த்தது. அன்றைக்கு ஒரு ஆடு கிடைத்தது. மறுநாள் இன்னொன்று. அதற்குப் பிறகு அந்தத் திருட்டுப் பயல் வாயே திறக்கவில்லை.

இப்போது மாதியின் தலைக்குள் கொஞ்சம் போக வேண்டும். பயப்படாதீர்கள், இடம் இருக்கிறது. பின்மண்டையில், தலையணையில் படுமே, அந்த இடத்தில் ஒரு நீளமான வீடு. அந்த வீட்டுக்கு ஆயிரமாயிரம் சின்ன ஜன்னல்கள். மாதி பார்க்கிற காட்சியில் நகக்கண் அளவு துண்டு ஒன்றுதான் ஒரு ஜன்னலில் விழும். ஜன்னலுக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு வகைக் கோடுதான் தெரியும். நெட்டையன் என்ற ஒருவனுக்கு நிமிர்ந்து நிற்கிற கோடு. வந்தால் "இருக்கு!" என்று கத்துவான். அவனுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த சாய்ச்சிக்குச் சாய்ந்த கோடு. வேறு எது வந்தாலும் கொட்டாவி விடுவாள். மாடியில் பெரியக்கா என்று ஒருத்தி இருந்தாள். கீழே எழும் கூச்சலையெல்லாம் கேட்டு, இது பசு, இது பானை என்று மாதிக்குச் சொல்வது அவள் வேலை. பாவம், அவள் தலையெழுத்து.

அந்த வீட்டில் இரண்டு சட்டம். பக்கத்து ஜன்னல்காரரோடு பேசக் கூடாது. காணாததைக் கண்டேன் என்று சொல்லக் கூடாது. மீறினால் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் இருட்டில் கிடக்க வேண்டியதுதான்.

ஒருநாள் காலை மாதி ஓடைக்கரையில் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயது மகள் குஞ்சி பத்தடி தள்ளி, நாணல் ஓரத்தில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாணலுக்குள்ளே புலி. வயிறு மண்ணில் பட, பாய்வதற்குத் தயாராகப் படுத்திருந்தது.

மாதி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். நாணல் எல்லாமே நெட்டுக்குத்தாக நிற்பதாயிற்றே, நெட்டையனும் அவன் கூட்டமும் "இருக்கு, இருக்கு!" என்று வீடு அதிரக் கத்தினார்கள். பெரியக்கா காதைப் பொத்திக்கொண்டு, "குழந்தை நிக்குது. பின்னால வெறும் புல்லு" என்றாள். மாதி மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

சாய்ச்சியின் ஜன்னலை ஒரு தடித்த நாணல் தண்டு அடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வேலை இல்லை. சும்மா இருந்ததால்தான் அவள் காதில் அது விழுந்தது. இடப்பக்கத்து ஜன்னல்காரி "சாய்வு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்துக்காரியும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேருமே சாய்ச்சியின் வகை. அந்தக் கூச்சலில் இவர்கள் குரல் எங்கே எடுபடும்?

சாய்ச்சி தலையை வெளியே நீட்டினாள். "ஏய், உன் கோடு எந்தப் பக்கம் போகுது?"

"உன் பக்கம்தான் வருது. ஏண்டி பேசுற, மாட்டிக்குவோம்!" என்றாள் இடப்பக்கத்துக்காரி.

"உன்னுது எங்கேயிருந்து வருது?"

"உன் பக்கத்திலேயிருந்துதான்" என்றாள் மற்றவள் பயந்துகொண்டே.

சாய்ச்சி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். அங்கிருந்து இங்கே, ஒரே வாட்டத்தில், இந்தத் தண்டுக்குப் பின்னால் ஏதோ போகிறது. புல் எங்கேயாவது படுத்துக்கொண்டு வளருமா?

நெட்டையன் அவளைக் கவனித்துவிட்டான். "வேண்டாம் சாய்ச்சி. உன் ஜன்னல்ல கோடு இல்ல. தண்டுதான் இருக்கு."

"தண்டுக்குப் பின்னால இருக்கு."

"நீ பார்த்தியா?"

"பார்க்கல."

"பின்னே?"

"நான் பார்க்கலேன்னா அது இல்லேன்னு ஆயிடுமா? குழந்தை அங்க நிக்குதுய்யா!"

சொல்லிவிட்டு இரண்டு கையையும் நீட்டி, இடப்பக்கத்துக்காரியை ஒரு கையாலும் வலப்பக்கத்துக்காரியை ஒரு கையாலும் பிடித்தாள். தன் ஜன்னலில் இல்லாத கோட்டுக்கு "இருக்கு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பிடிபட்டவர்கள் தங்கள் மறுகையை அடுத்த ஜன்னலுக்கு நீட்டினார்கள். அவர்கள் அதற்கடுத்த ஜன்னலுக்கு. தண்டு மறைத்த ஜன்னல்காரர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது பேர் ஒரே குரலில் கத்தினால் மாடி என்ன, ஆகாயத்துக்கே கேட்கும். பெரியக்கா துள்ளி எழுந்தாள். "பிடரி... முதுகு... வால்... ஐயோ, புலி!"

மாதி கையிலிருந்த கிழங்கை எறிந்தாள். புலியின் மூக்கு மேலேயே போய் விழுந்தது. அது கண்ணைத் திறப்பதற்குள் குஞ்சி அம்மாவின் இடுப்பில் இருந்தாள்.

"முதுகு தெரியுதுடா, திருட்டு நாயே!" என்று மாதி கத்தினாள்.

புலிக்குக் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். "எப்படித் தெரிஞ்சுது? நான்தான்னு நான் சொல்லவே இல்லையே!"

"சொல்லாட்டி என்ன? வாலை எடுத்துக்கிட்டு ஓடு. இன்னொரு கிழங்கு இருக்கு!"

புலி ஓடியது. சத்தம் கேட்டுப் பொம்மன் மூங்கில் புதருக்குப் பின்னால், "நான்தான், நான்தான்" என்று மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். மாதி திரும்பினாள். மூங்கில் இடுக்கில் துண்டு துண்டாக அவன் தெரிந்தான். தோள் இங்கே, முழங்கை அங்கே. முழுசாகப் பொம்மன்.

"தெரியுதுய்யா. வா" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் புதரைக் காட்டி, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு விரலால் இழுத்துக் காட்டினாள். விரல் போன வழியில் அவர்கள் தலைக்குள்ளும் ஜன்னல்காரர்கள் கை கோத்துக்கொண்டார்கள். ஊருக்கே பழகிவிட்டது.

பெரியக்கா முதன்முறையாக மாடியை விட்டுக் கீழே இறங்கி வந்தாள். "காணாததைச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

சாய்ச்சி எழுந்தாள். "நான்தான்."

"சட்டம் தெரியும்ல?"

"தெரியும். ஜன்னலை அடைச்சுக்கோங்க. குழந்தை இடுப்புல இருக்கு, எனக்கு அது போதும்."

பெரியக்கா சாய்ச்சியின் கையை எடுத்துப் பக்கத்துக்காரியின் கையில் வைத்தாள். பிறகு, "இனிமே எல்லாரும் கையைக் கோத்துக்கோங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. காணாததைச் சொன்னா சில நேரம் தப்பாப் போகும். ஊரே சிரிக்கும். தாங்கிக்குவியா?"

"சிரிச்சுட்டுப் போகட்டுமே. அழுறதுக்குச் சிரிக்கிறது மேல்தானே அக்கா!"

அதனால், மேகத்தில் யாரோ மூக்கும் முழியுமாகத் தெரிந்தால் அது சாய்ச்சியின் வேலை. வழியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று நினைத்து நீங்கள் துள்ளிக் குதித்தால் அதுவும் அவள்தான். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவள் அதற்கு ஒப்புக்கொண்டவள். அன்று முதல்தான் வேலி இடுக்கில் நம் மனிதர்கள் நமக்கு முழுசாகத் தெரிகிறார்கள். சாத்திய கதவில் மட்டும் இடுக்கும் இல்லை, கை கோக்க ஒரு கோடும் இல்லை. அங்கே மட்டும் இன்றைக்கும் "யாரது?" என்று கேட்டால், பேரைக்கூடச் சொல்லாமல் எல்லோரும் "நான்தான்" என்கிறோம்.