சூப்பர்வைசர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்ட கதை

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் அட்ஜஸ்ட் என்ற வார்த்தைக்கு ரெண்டு வேலை. மெக்கானிக் திருப்புளியை எடுத்துத் தையல் மெஷினை அட்ஜஸ்ட் பண்ணுவார். சூப்பர்வைசர் குணசீலனோ ஏசி ரூமிலிருந்து தலையை மட்டும் நீட்டி, மனுசங்களை அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுவார்.

சித்திரை வெயில். தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஃபேனும் ஓடவில்லை. மாசமாக இருந்த பூவாத்தா மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். பக்கத்து மெஷின் மயிலாத்தா நேரே குணசீலனிடம் போய் ஃபேனைச் சரிபண்ணித் தரச்சொல்லிக் கேட்டாள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்க புள்ள. இன்னிக்கு முதலாளி வர்றாரு. அவர்கிட்டக் குறை சொன்னீன்னா உனக்கு வேலையில்ல."

"குறையே சொல்லமாட்டனுங்க சார்."

முதலாளி வந்ததும் கழுத்தைத் துடைத்தார். "இந்தச் சூட்டுல எப்படிம்மா தைக்கறீங்க?"

மயிலாத்தா எழுந்தாள். "எங்க சார் தங்கமான மனுசனுங்க. சாப்பாட்டு நேரத்துல எங்களை ஏசி ரூமுல உக்கார வெச்சுட்டு, அவரு இங்க வந்து வேகறாருங்க. ஃபேன் ஓடற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கறாருங்க."

"ஆமாங்க" என்றது மொத்த லைனும்.

முதலாளி குணசீலன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணியும் அடித்தது.

பூவாத்தா ஏசிக்கு நேர் கீழே காலை நீட்டித் தயிர்ச்சோறு தின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நனைந்த சட்டையோடு குணசீலன் போனில் எலக்ட்ரீஷியனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்:

"இன்னிக்கே வாய்யா. நாளைக்கெல்லாம் நான் தாங்கமாட்டேன்."