இருபுறமும் அடித்த x

“சரியான விடைக்கு எதுக்கு மேம் முட்டை போட்டிருக்கீங்க?”

வகுப்பு நிரம்பியிருந்தது. பொற்கொடி தன் விடைத்தாளைப் பேராசிரியை ரஹமத்துன்னிசாவின் மேசைமேல் விரித்தாள்.

இரண்டு மார்க் கணக்கு. x² = 5x எனில், x-இன் மதிப்பு காண்க.

அவள் இருபுறமும் ஒரு x-ஐ அடித்திருந்தாள். x = 5 என்று முடித்திருந்தாள்.

“அஞ்சைப் போட்டுப் பாருங்க. இந்தப் பக்கம் இருபத்தஞ்சு. அந்தப் பக்கமும் இருபத்தஞ்சு. தப்பு எங்க இருக்கு?”

“தப்பு இல்ல.”

“அப்ப மார்க் போடுங்க. இன்னும் ஒரு மார்க் வந்தா நான் பாஸ். வராட்டி செமஸ்டர் எழுத விடமாட்டாங்க.”

“போய் உட்காரும்மா. அட்டெண்டன்ஸ் எடுக்கணும்.”

பொற்கொடி விடைத்தாளோடு திரும்பினாள்.

பேராசிரியை பெயர்களை வாசித்தார். ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்தார்கள். கடைசிப் பெயரும் வந்து போனது. பதிவேட்டை மூடினார். பொற்கொடி எழுந்து நின்றாள்.

“மேம், என் பேரை வாசிக்கவே இல்ல.”

“வராத யாரையாவது வந்ததாப் போட்டிருக்கேனா?”

“இல்ல.”

“அப்ப தப்பு எங்க இருக்கு?”

“நான் இருக்கேனே மேம். உங்க கண்ணு முன்னாடி நிக்கிறேன். நீங்களா அடிச்சுட்டா, நான் இல்லாமப் போயிருவேனா?”

“சத்தம் மட்டும் வருது, ஆளைக் காணோம்டி” என்றாள் பின்பெஞ்சில் ஒருத்தி.

பொற்கொடி அவளுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தவள், கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள்.

x-க்குப் பூஜ்ஜியத்தைப் போட்டால், இந்தப் பக்கம் பூஜ்ஜியம். அந்தப் பக்கமும் பூஜ்ஜியம்.

முன்னால் போய்க் கரும்பலகையில் x = 5 என்று எழுதினாள். அதன் கீழே x = 0 என்று எழுதினாள்.

ரஹமத்துன்னிசா தலையசைத்தார். அவ்வளவுதான், பாடத்தைத் தொடங்கலாம் என்பதுபோல் சாக்பீஸுக்குக் கை நீட்டினார்.

பொற்கொடி கொடுக்கவில்லை.

“நான் பூஜ்ஜியத்தை விட்டுட்டேன், ஒத்துக்கிறேன். நீங்க அஞ்சை விட்டுட்டீங்களே மேம்.”



பேராசிரியை கரும்பலகையைப் பார்த்தார். பிறகு விடைத்தாளை வாங்கினார். முட்டையை அடித்தார். பக்கத்தில் 1 என்று போட்டார்.

பதிவேட்டை மறுபடி திறந்தார்.

“பொற்கொடி.”

“இருக்கேன் மேம்.”