பதினெட்டாவது கையெழுத்து

கட்டடத்தை இடிக்கக் கடப்பாரை போதும். இடிக்கலாம் என்று சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. சென்னையில் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வசுமதி அவர்களில் ஒருத்தி. அவள் வழக்கைக் கேளுங்கள், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பாரி அடுக்ககம் பதினெட்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். மழை வந்தால் தரைத்தளத்தில் சாக்கடை நீர் ஏறும், மேல்மாடியில் கூரைக்காரை உதிரும். இடித்துக் கட்டினால் எல்லோருக்கும் புது வீடு. ஆனால் ஒருவர் மறுத்தாலும் வசுமதியின் முதலாளி கடப்பாரையைத் தொட மாட்டார். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாம் மாடி ஜொஹரா டீச்சர் மட்டும் "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றே இரண்டு வருடங்களை ஓட்டிவிட்டார். முதலாளிக்குப் பொறுமை போயிற்று.

"கடைசிக் கையெழுத்த யாரு கொண்டு வர்றாங்களோ, அவங்கதான் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு மேனேஜர்" என்று அறிவித்துவிட்டார்.

வசுமதிக்கு அந்தப் பதவி வேண்டும். செருப்புத் தேய மாடியேறியவள் அவள்தானே? கிடைக்காவிட்டால் இன்னொரு கட்டடம், இன்னொரு மாடிப்படி, அதே பல்லவி.

இந்தத் தொழிலில் ஒரு புத்தி உண்டு. யாராவது தயங்கினால் பேரம் பேசுகிறார்கள் என்றே அர்த்தம் செய்துகொள்வார்கள். வசுமதியும் அப்படித்தான் நினைத்தாள். கட்டி முடியும்வரை வெளியே குடியிருக்கக் கம்பெனி தரும் வாடகையை ஏற்றிக்கொண்டே போனாள். டீச்சர் அசையவில்லை. எரிச்சல் தாங்காமல் ஒருநாள், அடுத்த தெருவில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கிய ஒரு வீட்டுக்கு அவளே அவரை அழைத்துப் போனாள்.

சாவி வைத்திருந்த பெண்மணி வாயெல்லாம் பல்லாக அறைகளைக் காட்டினாள், தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்றாள். பிறகு பெயரைக் கேட்டாள். டீச்சர் சொன்னார்.

"அடடா, ஓனரு தன்னோட சொந்தக்காரங்க வர்றாங்கன்னு சொன்னாரு. மறந்தே போயிட்டேன் பாருங்க!"

டீச்சர் ஏன் தயங்கினார் என்று வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளில் யாரும் அவளிடம் அந்தத் தொனியில் பெயர் கேட்டதில்லை.

தெருவில் இறங்கியதும் டீச்சர் சொன்னார்: "எத்தனையாவது வீடுன்னு எண்றதையே விட்டுட்டேன். ஸ்கூலை விட்டுட்டுத் தூரமா எங்க போறது? ஆனா நம்ம ஃப்ளாட்ல யாருக்கும் தெரிய வேணாம்மா. இத்தனை வருஷம் அவங்களுக்குச் சமமா இருந்திருக்கேன். பரிதாபமா பார்த்தாங்கன்னா தாங்க மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று வசுமதி வாக்குக் கொடுத்தாள்.

அதன்பின் அவள் பட்ட பாட்டை என்ன சொல்ல! வாரந்தோறும் ஓட்டல் கூடத்தில் வீட்டுமனைத் தொழில்காரர்களின் காலைச் சிற்றுண்டிக் கூட்டம் நடக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம், விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளலாம், "எப்ப வேணா கூப்பிடுங்க" என்று கைகுலுக்கலாம். வசுமதி ஒரு வீடு கேட்டாள். "யாருக்குங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். கைப்பை நிறையக் கார்டுகள் சேர்ந்தன, வீடு மட்டும் கிடைக்கவில்லை. ஊரையே இடித்துக் கட்டுகிற கூட்டத்தில் ஒரு டீச்சருக்கு ஒரு வீடு பிடிக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவளோடு வேலை செய்யும் கதிரேசன் கூட்டங்களிலேயே வளர்ந்தவன். அவள் பெயர் சொல்லாததை வைத்தே விஷயத்தை ஒருவாறு ஊகித்துவிட்டான். அதே அடுத்த தெரு வீட்டைக் கம்பெனி பெயரில் வாடகைக்குப் பேசி முடித்து, டீச்சரிடம் போய் நின்றான்.

"உங்க பேரு எங்கயும் வராது டீச்சர். கம்பெனி கெஸ்ட்னு சொல்லியாச்சு."

"பேரை ஒளிச்சு வெச்சுக் குடியிருக்க நான் என்ன திருடியா?" என்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

தலையில் கைவைத்துக்கொண்டு வந்த கதிரேசன், அந்த வீட்டுக்காரர் யாரென்று வசுமதியிடம் சொன்னான். பாரி அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் நீலகண்டன்! 'ஒரே ஆளால எல்லாம் நிக்குது' என்று கூட்டத்துக்குக் கூட்டம் டீச்சரைத் திட்டுகிறவர்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். டீச்சரும் இருந்தார், முதலாளியும் வந்திருந்தார். நீலகண்டன் வழக்கம்போல ஆரம்பித்தார். வசுமதி எழுந்தாள்.

"சார், டீச்சர் ஏன் நிக்கிறாங்க தெரியுமா? பேரைக் கேட்டுட்டு யாரும் வீடு தர்றதில்ல. உங்க வீட்டுலயே தரல."

நீலகண்டனின் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்து டீச்சர் முன் வைத்தார். "உங்க பேர்லயே அக்ரிமென்ட் போட்டுக்கலாம்" என்றார். டீச்சர் தலை நிமிராமல் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பிறகு மூவரும் முதலாளியிடம் மார்தட்டினார்கள். "யாரோட வீடுன்னு கண்டுபிடிச்சதே நான்" என்றான் கதிரேசன். "உண்மையைச் சொன்னது நான்" என்றாள் வசுமதி. "சாவி கொடுத்தது நான்" என்றார் நீலகண்டன். அவர் தன் மருமகனுக்கு அந்த மேனேஜர் வேலையைக் கேட்டார்.

ஐயா, அம்மா, நீங்கள் சொல்லுங்கள். பொய் சொல்லி வீடு பிடித்தவனா, வாக்கை மீறி உண்மை சொன்னவளா, வெட்கப்பட்டுச் சாவி கொடுத்தவரா? பதவி யாருக்கு? இதில் யார் செய்தது சரி?

விடை: பதவி வசுமதிக்கே சேரும், அவள் வாய் திறந்திராவிட்டால் சாவி வந்திருக்காது. முதலாளியும் அவளுக்குத்தான் கொடுத்தார். ஆனால் அவள் செய்தது சரியல்ல. வாக்கை மீறியதைக்கூட மன்னிக்கலாம். ஒருவரிடமாவது சொல்லாமல் வேறு வழி இல்லை, ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லியிருக்க வேண்டாம். நீலகண்டன் தரைத்தளத்தில்தான் இருக்கிறார். அவருடைய கதவைத் தட்டி அவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். சாக்கடை நீரில் நிற்கும் மனிதர், அன்றே சாவியைக் கொடுத்திருப்பார். முதலாளி காதில் மட்டும் அது விழுந்திருக்காது, பதவியும் அவளைத் தேடி வந்திருக்காது.