ஆயிரம் ஏடும் சிவப்பு நூலும்

காலத்தை யாரும் எண்ணத் தொடங்காத காலம். வெண்மாடபுரி என்று ஓர் ஊர். தலைக்குமேல் எலும்பு நிறத்தில் ஒரே மாடம். உள்ளே மூன்று வகை ஆட்கள். விளக்கைப் பார்த்துச் சேதி சொல்பவர்கள் ஒரு வகை. நினைவைக் காப்பவர்கள் ஒரு வகை. முரசடிப்பவர்கள் ஒரு வகை. இவர்கள் அடித்தால்தான் ராஜாவின் கை கால் அசையும்.

அங்கே செத்தவன் இடத்துக்கு வேறு ஆள் பிறப்பதில்லை. இருப்பவர்களைக் காத்தால்தான் உண்டு.

பிறக்கும்போதே ஆளுக்கு ஓர் ஏட்டுக்கட்டு. ஆயிரம் ஏடு. யாருடையதைப் பிரித்தாலும் அதே எழுத்து, ஒரு புள்ளி மாறாது. பிறகு எப்படி ஒருவன் முரசடிக்கிறான், ஒருவன் விளக்குப் பார்க்கிறான்? நூல்தான். அவனவனுக்கு வேண்டாத ஏடுகள் சிவப்பு நூலால் கட்டிக் கிடக்கும். திறந்திருப்பதை மட்டும் படிப்பான், படித்தபடி வாழ்வான்.

நூலைக் கட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நெகிழ்ந்த முடிச்சைத் தினமும் இறுக்குவது வடிவாம்பாள் வேலை. அவள் புருஷன் சிலம்பன் முரசடிப்பவன்.

ஒருநாள் முரசுத் தெருவுக்கு ஒரு மந்திரவாதி வந்தான். கையில் வைரக் கத்தரி.

"ஆயிரம் ஏடும் உங்களுடையது. கட்டிப்போட இவள் யார்?"

"அதானே," என்றான் சிலம்பன்.

"வேண்டாங்க. முப்பது வருஷமா இறுக்குறேன். காரணமில்லாமலா?"

"காரணத்தைச் சொல்லேன்," என்றான் சிலம்பன்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இறுக்கத்தான் தெரியும்.

தெரு முழுக்கக் கத்தரி பட்டது. நூல் அறுந்தது.

முதல் நாள் சிலம்பன் முரசடித்தான், பானை வனைந்தான், பாட்டும் பாடினான். தெருவே சிரித்தது. இரண்டாம் நாள் முரசையே பானை என்று தடவித் தடவி வனைந்தான். அரண்மனையில் ராஜாவின் கால் பின்னியது. மூன்றாம் நாள் சிலம்பன் கன்னம் ஒட்டிப் படுத்துவிட்டான். பக்கத்து முரசுக்காரர் இருவர் எழுந்திருக்கவே இல்லை.

சிலம்பன் ஏட்டுக்கட்டிலிருந்து ஒரு வெள்ளிப்பூச்சி தலையை நீட்டியது. ஏடு தின்றே பேச்சு வந்த பூச்சி.

"கடைசி ஏட்டில் என்ன இருக்கு, தெரியுமா?"

"தெரியாது."

"சுருண்டு படு, செத்துப் போ. அவ்வளவுதான். ஊர் கட்டிய காலத்தில் தேவைக்கு மேல் மிஞ்சிய ஆட்களுக்காக எழுதியது. உன் ஆள் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டான்."

வடிவாம்பாள் ஓடினாள். விளக்குக்காரன் பொன்னன் நூல் அறுபடவில்லை. அதைப் பார்த்து அப்படியே சிலம்பன் ஏட்டைக் கட்டினாள். அவன் எழுந்தான். அவளுக்கு மூச்சு வந்தது.

அவன் முரசைத் தாண்டிப்போய் விளக்கைப் பார்த்து உட்கார்ந்தான்.

"இந்தாங்க, உங்க முரசு."

"அது என்ன?" என்றான்.

"அவசரக்காரி," என்றது பூச்சி. "எழுத்துதான் எல்லோருக்கும் ஒன்று. கட்டு ஆளுக்கு வேறு."

"அவர் கட்டு எனக்கு மறந்துபோச்சே."

"உனக்குத்தானே மறந்தது. ஏட்டுக்கா?"

நூலைப் பிரித்தாள். சிலம்பன் மறுபடி சாய்ந்தான். அவள் ஏடுகளை வெளிச்சத்தில் பிடித்தாள். சில ஏடுகளின் ஓரம் அவன் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. மற்றவை வெளுப்பு, நூல் அழுத்திய தடம் மட்டும். கறுத்ததை விட்டாள். வெளுத்ததைக் கட்டினாள். கடைசி ஏட்டுக்கு மூன்று முடிச்சு.

அரண்மனைப் படியில் ராஜா தள்ளாடிக்கொண்டிருந்தார். கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, விழப்போகும் கிரீடத்துக்கு இரண்டு கையையும் நீட்டி நின்றான் மந்திரவாதி.

சிலம்பன் குச்சியை எடுத்தான். ஒரே அடி.

ராஜாவின் கால் அழுந்த ஊன்றியது, கத்தரியின் மேல். வைரம் தூளாயிற்று. மாயம் அறுந்தது. மந்திரவாதி புகையாய்ப் போனான்.

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க, அவரவர் விரல் தடம் பார்த்துக் கட்டி முடித்தாள் வடிவாம்பாள். என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். "நூல்," என்றாள். கிடங்கு நிறையக் கொடுத்தார்.

"காரணம் கேட்டீங்களே, சொல்லட்டுமா?" என்றாள் வீட்டில்.

"ஒண்ணும் வேண்டாம். இறுக்கு," என்றான் சிலம்பன்.

செத்துப்போன இருவரின் முரசும் அடிக்க ஆளில்லாமல் அப்படியே தொங்கின. ராஜாவின் இடது கைச் சுண்டுவிரல் அதன் பிறகு அசையவே இல்லை. அந்த விரலைப் பார்த்த காலையிலெல்லாம், வடிவாம்பாள் முடிச்சை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள்.