கோல் வாயிலில் ஐந்து பள்ளங்கள்

பூபதி பதினோரு வருடம் போலோ சாம்பியன். இப்போது குதிரையை விட்டு இறங்கி, போலோ சங்கத்தின் தலைவராகிவிட்டார்.

அன்று இறுதி ஆட்டம். அவர் முன்பு ஆடிய அணி ஐந்து கோல். எதிரணியும் ஐந்து.

இடைவேளைக்குச் சற்று முன் கோல் வாயிலில் ஒரு குதிரை இடறியது. பூபதி ஆடிய அணியின் தலைவன் தெறித்து விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் இரண்டே பெயர். ஒன்று செல்வி, மூன்று வருடமாக ஓரத்தில் காத்திருப்பவள். மற்றது, மரியாதைக்காக யாரும் நீக்காமல் விட்டிருந்த பூபதியின் பெயர்.

"பூபதி! பூபதி!"

கூட்டம் அலறியது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் அவருடைய குரு, குதிரைப்படையில் இருந்த யூசுப் உஸ்தாத், உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தாத், நான் ஆட்டத்துல இறங்கட்டுமா?"

உஸ்தாத் எழுந்து மைதானத்துக்குள் நடந்தார். பூபதி பின்னாலேயே ஓடினார்.

குளம்புகள் பெயர்த்த புல்லை இடைவேளையில் பார்வையாளர்கள் மிதித்துச் சமன் செய்வது வழக்கம். அன்று எல்லோரும் நடு மைதானத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உஸ்தாத் நேரே கோல் வாயிலுக்குப் போனார். குதிரை இடறிய பள்ளத்தில் பெயர்ந்த புல்லை வைத்து மிதிக்கத் தொடங்கினார்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது.

"உஸ்தாத், குதிரை தயாரா நிக்குது. ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"இன்னும் அஞ்சு பள்ளம் இருக்கு."

பூபதி பள்ளங்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சட்டென்று நடுவரை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"ஆரம்பிக்காதீங்க! எல்லாரும் இங்க வாங்க, மிதிங்க! செல்வி, குதிரை ஏறு!"

"நானா சார்?"

"நீதாம்மா. சீக்கிரம்!"

சொல்லிவிட்டு அவரும் மிதித்தார்.

கடைசி நிமிடம். ஆறுக்கு ஆறு. செல்வி பந்தைத் தட்டிக்கொண்டு அதே கோல் வாயிலுக்கு முழு வேகத்தில் பாய்ந்தாள். பூபதி மூச்சைப் பிடித்துக்கொண்டார். குதிரை இடறவில்லை. மட்டை சுழன்றது.

கோல்!

"செல்வி! செல்வி!"

மைதானமே அதிர்ந்தது. பூபதி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். தொண்டை கட்டிய பிறகுதான் இறங்கினார்.

"உஸ்தாத், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. இறங்கியிருந்தா நல்லா ஆடியிருப்பேனா?"

உஸ்தாத் பூபதியின் மண் அப்பிய காலணிகளைப் பார்த்தார்.

"ஏன், நல்லாத்தானே ஆடினே?"