யாரும் குடிவராத அறமனை

"அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு வீடு கட்டினால், மாப்பிள்ளை…" என்று மழவரையருக்கு முடிசூட்டிய நாளில் அவருடைய மாமனார் நெடுநேரம் பேசினார். மீதி என்னவென்று மழவரையருக்கு நினைவில்லை. கிரீடத்தின் கனத்தில் கண் சொக்கிவிட்டது.

அப்படி ஒரு தூக்கப்பிரியர்தான் முன்னொரு காலத்தில் சங்காற்று நாட்டுக்கு ராஜா. ஒருநாள் மதியத் தூக்கத்தில் ஒரு கனவு கண்டார். ஆற்று மூடுபனிக்குள் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். உட்கார ஓர் இடமில்லை. விழித்தவர் கொட்டாவியோடு கட்டளையிட்டார். "கட்டுங்கள் ஓர் அறமனை! புருஷன் விரட்டியவள், அடி தாங்காமல் ஓடி வந்தவள், எல்லாரும் பிள்ளைகளோடு வந்து தங்கட்டும்!"

மாளிகை அதிகாரி கூத்தப்பிரான் கட்டினார். சங்குச் சுண்ணாம்புச் சுவர், பின்பக்கம் ஆற்றுத்துறை. ராஜவீதியைப் பார்த்து யானை நுழைகிற தலைவாசல். அதில் ஈட்டிக்காரர் இருவர், வருகிறவர்களை விசாரித்து ஓலையில் எழுத ஒருவர்.

மூன்று மாதம் போயிற்று. பனிக்காலையில் அறமனை பாலில் மிதப்பதுபோல நின்றது. ஒருத்தியும் வரவில்லை. குருவிகள்தான் குடிவந்தன.

"தங்கள் ஆட்சியில் அழுகிற பெண்ணே இல்லை, மகாராஜா!" என்றார் கூத்தப்பிரான். "பௌர்ணமிக்குள் அதை நாட்டிய மண்டபம் ஆக்கிவிடலாம். தூண்களும் வாகாக இருக்கின்றன."

"ஆற்றங்கரையில் கவிழ்த்த பரிசல்களுக்கு அடியில் நாற்பது பெண்கள் படுக்கிறார்கள்" என்றார் அமைச்சர் தெய்வச்சிலை. "கைக்குழந்தைகள் வேறு. எட்டே நாளில் அடைமழை பிடித்துவிடும்."

"அப்புறம் ஏன் வரவில்லை? திமிரா?" என்றார் ராஜா.

"நாளைக்கு மட்டும் அந்த வாசல் ஆட்களைச் சபை வாசலுக்கு அனுப்புங்கள், மகாராஜா. அங்கே கேட்பதையே இங்கேயும் கேட்கட்டும்."

"கேட்கட்டுமே! என் ஆட்களிடம் நீர் பாடம் படியும்!" என்று சிரித்தார் கூத்தப்பிரான்.

மறுநாள் காலை ராஜா தலையில் வைக்கோலோடு வந்தார். முந்தைய நாள் அரசி வீணை வாசிக்கும்போது குறட்டை விட்டதற்காக அந்தப்புரக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. படுக்கை யானைக் கொட்டாரத்தில்.

சபை வாசலில் இரண்டு ஈட்டிகள் குறுக்கே விழுந்தன.

"உரக்கச் சொல்லுங்கள்" என்றார் ஓலைக்காரர். "நேற்று எங்கே படுத்தீர்கள்? விரட்டியது யார்? பேர் என்ன?"

"அடேய், நான் ராஜா!"

"யாராக இருந்தாலும் சொல்லித்தான் நுழைய வேண்டுமாம், மகாராஜா. கூத்தப்பிரான் வைத்த விதி."

தயிர்க்காரிகள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். "ராஜாவையா விரட்டினார்கள்?" என்று ஒருத்தி கேட்க, "வைக்கோலைப் பார்த்தால் தெரியலையா?" என்றாள் இன்னொருத்தி. ராஜாவுக்குக் காது சுட்டது. வந்த வழியே திரும்பினார். பனிக்குள் மதிலைத் தடவிக்கொண்டே நடந்தார். வாழைக்கொல்லைப் பக்கம் மடைப்பள்ளிக்காரர்கள் போய்வரும் சின்னக் கதவு தெரிந்தது. குனிந்து நுழைந்தார்.

உள்ளே மொத்தச் சபையும் சேறு துடைத்துக்கொண்டிருந்தது. கூத்தப்பிரானின் பட்டில் வாழைக்கறை.

"நீர் நேற்று எங்கே படுத்தீர்?" என்றார் ராஜா.

"அதை மட்டும் கேட்காதீர்கள், மகாராஜா."

"அமைச்சரே, நீர்?"

"நானும் இந்த வழியாகத்தான் வந்தேன், மகாராஜா. என் வீட்டுக்காரியும் கோபக்காரிதான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. தெய்வச்சிலை தணிந்த குரலில் சொன்னார். "ஒருநாள் பிணக்கைச் சொல்லவே நமக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லாமலே வாழ்ந்தவர்கள். ராஜவீதியில், ஊர் கேட்க, எப்படிச் சொல்வார்கள்? தேடி வருகிறவனும் அதே வீதியில்தானே நிற்பான்?"

ராஜாவின் கண்ணில் அன்றைக்குத் தூக்கம் இல்லை. முடிசூட்டு நாளில் மாமனார் சொன்ன மீதி இதுவாகத்தான் இருக்கும் என்று பட்டது.

"அவர்கள் யாரும் கவனிக்காமல் போய்வருகிற வழி எது?"

"தண்ணீர்த்துறை வழி, மகாராஜா. குடத்தோடு போகிறவளை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். பிறகு, ராஜவீதித் தலைவாசலைச் செங்கல் வைத்து அடைக்கவும், துறைப்பக்கச் சுவரில் தலைக்குடம் இடிக்காத உயரத்தில், கேள்வி கேட்க ஆளில்லாத ஒரு வாசல் திறக்கவும், மழைக்கு முன் வேலை முடியக் கூத்தப்பிரானே செங்கல் சுமக்கவும் ஆணையிட்டார்.