கையெழுத்துப் போட்ட சந்தன நிறம்

"புதுக் கண்ணாடிடா. வெயில்ல போனா தானா கறுக்கும், உள்ள வந்தா வெளுத்துரும்." தணிகாசலம் சார் ஹாலில் போனில் பெருமையடித்தது, வெளியே ஏணியில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பெயிண்டர் பவுனம்மாளின் காதில் விழுந்தது.

அவள் சுரண்டுவது இது மூன்றாம் முறை. தோள் இரண்டும் கெஞ்சின. ஓட்டுக்குச் செங்காவி, மழைத்தண்ணீர்க் குழாய்க்கு வெள்ளை, சுவருக்குச் சந்தனம் என்று ஹாலில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவர் அவர்தான். சந்தன நிற அட்டையின் பின்னால் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் முற்றத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் சுவர் அவருக்குப் பிடிக்காமல் போனது. கூரை ஓடும் குழாயும் இன்னும் தொடப்படாமலே கிடந்தன.

"முப்பது வருஷம் இன்ஜினியரா இருந்தவன்மா நான். நாளைக்கும் சரியா வரலைன்னா வேற ஆள் வரும்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பவுனம்மாள் பிரஷ்ஷைத் தொடவில்லை. சுவரில் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினாள்.

"சாம்பிள் பாருங்க சார்."

அவர் வெயிலில் நின்று பார்த்தார். "இதுவா சந்தனம்? சேத்துத் தண்ணி மாதிரி இருக்கு. இதை எவன் தேர்ந்தெடுப்பான்?"

அவள் அந்தச் சதுரத்தை உரித்து, திருப்பி நீட்டினாள். பின்பக்கம் அவர் கையெழுத்து இருந்தது.

"கலர் மாறல சார். உங்க கண்ணாடிதான் உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு காட்டுது. எனக்குக் கை வலிக்குது."

தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றி, அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் ஏறுவதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.